உடைந்தது வேண்டாம் என்பவளுக்குப் பின்னக் கணக்கு

வீட்டில் வைத்துப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் லீவு கிடையாது, பென்சன் கிடையாது, புலம்புவதற்குப் பக்கத்து மேசையில் இன்னொரு ரீச்சரும் கிடையாது. ஓட்டிசம் உள்ள பிள்ளையோடு அடுப்படியில் கொப்பியை விரித்துவைத்துக் குந்தியிருக்கிற தாய்மாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு விளங்காது, விளங்கப்படுத்த எனக்குப் பொறுமையும் இல்லை.

என் மாணவி ஒரே ஒருத்தி, மகள் தர்ஷி. எட்டு வயதில் பள்ளிக்கூடம் அவளைத் திருப்பி அனுப்பியபோது அதிபர் ஒரு வாக்குக் கொடுத்தார்: “பின்னக் கணக்கு வரைக்கும் வந்தால் கொண்டுவாங்க, வயது பார்க்காமல் வகுப்பில இருத்துறன்.” கணவர் கட்டாரில் வேலை, வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசியில் மட்டும் வருவார். தர்ஷி நாளுக்குப் பத்துச் சொல் பேசினால் அதிகம். வகுப்பறை அவளுக்கு வேண்டும் என்று எல்லாரிடமும் சொன்னேன். பள்ளிக்கூட வாசலில் நின்று கதைக்க நாலு தாய்மார் எனக்கும் வேண்டியிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

தோடம்பழம்

கொன்வென்டில் எங்களுக்குக் கணக்குப் படிப்பித்த சிஸ்டர், அடிமட்டத்தால் விரல் மொளியில் தட்டித்தான் பின்னத்தை மண்டைக்குள் இறக்கினார். நான் அவரைவிட முன்னேறிய ஆள் என்ற நினைப்பில் ஒரு தோடம்பழத்தை நடுவால் வெட்டினேன். “இது பாதி, இது மற்றப் பாதி.” தர்ஷி வீரிட்டாள். இரண்டு பாதியையும் பொருத்திப் பிடித்தவள் ஒரு மணித்தியாலம் கையை விடவில்லை. சாறு முழங்கையால் வடிந்தது.

உடைந்த எதுவும் அவளுக்கு ஆகாது. பின்னேரம் தட்டில் மூன்று மாரி பிஸ்கட் வைப்பேன். ஒன்றில் ஓரம் போயிருந்தாலும் தொடமாட்டாள். உடைந்ததெல்லாம் என் தேத்தண்ணிக்கு. முழு பிஸ்கட்டின் ருசியே எனக்கு மறந்துபோனது.

அன்றைக்குப் பக்கத்து வளவு மச்சாள் வேலியால் எட்டிப் பார்த்துச் சொன்னா: “அதுக்கு ஏன்கா கணக்கு? பழத்தையாவது பிழியாமத் தின்னக் குடுவன்.”

எட்டில் ஐந்து

கடல் ஊருக்குள் வந்த அன்று நாங்கள் வாவிக்கு அந்தப் பக்கம், வவுணதீவில் அண்ணன் வீட்டில் இருந்தோம். அதனால் தப்பினோம். திரும்பி வந்து பார்க்க, வேலியும் இல்லை, எட்டிப் பார்க்கிற மச்சாளும் இல்லை. அவவின் வாய்க்குப் பதில் சொல்ல நான் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் எனக்குள்ளேயே கிடந்தது.

சில கிழமை கழித்து, சேதம் பதிய ஒரு உத்தியோகத்தர் நிரப்புகிற போமோடு வந்தார். முழுச் சேதமா, பகுதிச் சேதமா என்று பேனையால் நெற்றியைத் தட்டிக்கொண்டு நின்றார். தர்ஷி வீட்டைச் சுற்றி நடந்தாள். சன்னல் இருந்த இடம், இல்லாத இடம், ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டு வந்து சொன்னாள்: “எட்டில அஞ்சு.” எட்டுச் சன்னலில் ஐந்து போயிருந்தது. நான் கேட்கவே இல்லை!

அப்போதுதான் எனக்கு விடிந்தது. வெட்டினால்தான் அவளுக்கு வலி. வரிசையாய் இருப்பதை எண்ணவிட்டால் பின்னம் தானாய் வருகிறது. இடிந்த வீட்டுக்குள் நின்று கைதட்டினேன். “சரி மனே, எட்டில அஞ்சு! எழுதுங்க சேர்!” அவர் போமைத் திருப்பிக் காட்டினார்: “அம்மா, எட்டில அஞ்சுக்குச் சரி போட இதில கூடு இல்லையே.”

பாண்

அதன்பிறகு அண்ணன் வீட்டோடு ஒட்டிக்கொண்டோம். பொத்தான், முட்டை, கதிரை, எல்லாவற்றிலும் கணக்கு நடந்தது. மாதம் ஒருதரம் கிளினிக்குக்காக டவுனுக்குப் போய்வர வேண்டும். சண்டை இறுகியிருந்த காலம். சோதனைச்சாவடியில் இறங்கி, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்ட வேண்டும்.

ஒருநாள் ஒரு ஆமிக்காரப் பொடியன் பையில் இருந்த பேக்கரிப் பாணை எடுத்துக் கத்தியால் இரண்டாக்கினான். பிறகு நாலாக்கினான். தோளில் துவக்கோடு நிற்கிறவர்களுக்கு நடுவில் இவள் வீரிட்டால்? அவள் வீரிடவில்லை. துண்டுகளை ஒவ்வொன்றாய் மேசையில் பொருத்தினாள். “நாலில ஒண்டு. நாலில ரெண்டு. நாலில மூண்டு. பாண்.”

பொடியன் கத்தியைக் கீழே வைத்தான். தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: “அம்மா, பிள்ளை கெட்டிக்காரி. நான் கணக்கு பெயில், அதுதான் இங்க வந்த.”

கரும்பலகை

யுத்தம் முடிந்தது என்று றேடியோ சொல்லி, தெருவில் வெடி கொளுத்தி ஓய்ந்த பிறகு, பன்னிரண்டு வயது தர்ஷிக்கு வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டு அதே அதிபரிடம் கூட்டிப்போனேன். வாசலில் நின்ற தாய்மாரைப் பார்த்து முன்கூட்டியே சிரித்தும் வைத்தேன்.

அதிபர் கரும்பலகையில் ஒரு வட்டம் கீறி, அதை நாலாய்ப் பிரித்தார். “மூன்று பங்கைத் தீட்டு, பிள்ள.” அவள் சோக்கை வாங்கவில்லை. உள்ளே இருந்த கோடுகளை விரலால் ஒவ்வொன்றாய் அழித்தாள். வட்டம் முழுசானதும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“சேர், முட்டையில கேளுங்க, கதிரையில கேளுங்க” என்றேன். என் வாயா அப்படிக் கெஞ்சியது என்று இன்னும் நம்ப முடியவில்லை. அவர் தலைகுனிந்துகொண்டார்: “கோவிக்காதீங்க மிஸிஸ், முப்பத்தெட்டுப் பிள்ளையளுக்குக் கரும்பலகைதான் இருக்கு.”

மாரி பிஸ்கட்

வந்து அடுப்படிப் படியில் குந்தினேன். அண்ணன் ஆக்கள் வயலில். கட்டாரிலிருந்து தொலைபேசி வர அது வெள்ளிக்கிழமையும் இல்லை. தேத்தண்ணி வைக்கவும் மனம் வரவில்லை. தர்ஷியின் தட்டையும் மறந்துபோனேன்.

பிஸ்கட் பக்கற் கிழிபடுகிற சத்தம் கேட்டது. தட்டில் மூன்றை வரிசையாய் அடுக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பழக்கதோஷத்தில், எங்கே உடைந்திருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கும் உடையவில்லை. மற்ற இரண்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னாள்: “மூண்டில ஒண்டு அம்மாட.”

இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தி நான் எடுத்த சம்பளம் மூன்றில் ஒன்றுதான், ஆனால் ஓரம்கூட உடையாதது.