கிராகெரோக் கரையில் ஒன்பது உண்ணிகள்

குமாரவேல் அண்ணை, எங்கள் நாய் நொண்டுவதற்கு நீங்கள்தான் காரணம். எங்கள் தமிழ் மன்றத்தின் சுற்றுலாப் பொறுப்பாளரான உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரராக நீங்கள் நல்ல மனிதர், அதில் எனக்குக் குறை இல்லை.

இந்த வருடம், 2007, மே மாதக் கடைசியில் வந்த பெந்தகொஸ்தே விடுமுறைக்கு மன்றம் மூன்று நாள் பயணம் ஒழுங்குசெய்தது. ஒஸ்லோவிலிருந்து தெற்கே கிராகெரோப் பக்கம், ஏறக்குறைய இருநூறு கிலோமீற்றர். அங்கே என்ன நடந்தது என்று வராதவர்களுக்காக எழுதுகிறேன். ஒக்டோபர் பள்ளிக்கூட விடுமுறைக்கு அதே இடத்துக்கு இன்னொரு பஸ் போகப்போகிறது. ஏறுமுன் இதை வாசியுங்கள். நாய் வளர்ப்பவர்கள் இரண்டு தரம் வாசியுங்கள்.

நாயின் பெயர் லோத்தா. கறுப்பும் வெள்ளையுமான ஏழு வயதுப் பெட்டை. எங்கள் புளொக்கின் கீழ்த்தளத்தில் இருந்த நோர்வேக் கிழவியின் நாய். போன நவம்பரில் அவர் முதியோர் இல்லத்துக்குப் போனார். அந்த இல்லத்தில்தான் நான் துணி தோய்க்கும் பகுதியில் வேலை செய்கிறேன். நாயை உள்ளே வைத்திருக்க விடவில்லை, நான் எடுத்தேன். ஞாயிறுகளில் கொண்டுபோய்க் காட்டுவேன். பனிக்காலம் முழுவதும் ஒஸ்லோவில் நாங்கள் குடியிருக்கும் புருசெத் நடைபாதைகளில்தான் எங்கள் உலாத்தல். இதனோடு எனக்கு இதுதான் முதல் கோடை. இந்த நாட்டு உண்ணியை நான் கண்டதே இல்லை.

சனி, காலை 7.30. அறிவித்தலில் போட்டிருந்த நேரம் இது. புருசெத் கடைத்தொகுதி வாகனத் தரிப்பிடத்தில் நானும் லோத்தாவும் ஓட்டுநரும் மட்டும் நின்றோம். பஸ் புறப்பட்டபோது 8.40. பெரியவர்களுக்கு 450 குரோனர், பிள்ளைகளுக்கு 250, நாய்க்கு 100. நாய்க்கு ரசீது எழுதியது குமாரவேல் அண்ணையின் கை. "நாய் ஒன்று" என்று தமிழில் எழுதித் தந்தார். இதை ஞாபகம் வைத்திருங்கள்.

இடியப்பப் பெட்டிகள் நடுவில் அடுக்கியிருந்தன. பராசக்தி அக்கா ஏறியதும் லோத்தாவைக் கண்டார்.

"உந்த நாய் சாப்பாட்டுப் பெட்டிக்குக் கிட்ட வந்துதெண்டா நான் இதிலையே இறங்கிப் போயிடுவன்."

"அக்கா, போன கிழமை பேர்த்டேயிலை உங்கடை மனுசன் பெட்டிக்குக் கிட்ட நிண்ட மாதிரி இது நிக்காது. பயப்பிடாதேங்கோ."

பின்சீட்டுகள் சிரித்தன. அக்காவின் மனுசன்தான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, இறங்கவும் இல்லை.

திரம்மன் நகரம் தாண்டியதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் நோர்வேக்காரர், இரண்டு வேட்டை நாய்கள் வைத்திருக்கிறாராம். "தெற்குக் கரைக்கு நாயோடு போகிறீர்கள். உண்ணிக்கு ஏதும் போட்டீர்களா?"

இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வீதியைப் பார்த்தார். நான் எழும்பிப் போய் குமாரவேல் அண்ணையிடம் கேட்டேன். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் போட்டிக்குப் பெயர் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அது காடு வழிய, தங்கச்சி. நாங்கள் போறது கடற்கரை. கடலுக்கை உண்ணி இருக்கோ? நீர் போய் இரும்."

காலை 10.30, லார்விக். கழிவறைக்காக நிறுத்தினார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த மருந்துக்கடைக்குள் ஓடினேன். நாய்க்கான உண்ணி மருந்துக் கழுத்துப்பட்டி 189 குரோனர். கடைப்பெண் நேர்மையாகச் சொன்னாள்: பட்டியின் மருந்து தோலெல்லாம் பரவ ஒரு வாரமாவது செல்லும், பயணத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும், ஆனாலும் போடாமல் இருப்பதைவிட நல்லது. பட்டி என் கையில் இருந்தது. வெளியே குமாரவேல் அண்ணை விசில் அடித்தார். கடற்கரைதானே என்று பட்டியைத் தட்டில் வைத்துவிட்டு ஓடினேன். அது என் பிழை. அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை.

நண்பகல் 12.15. கிராகெரோ நகரத்தைத் தாண்டி அரை மணி நேரம் ஒடுங்கிய வீதியில் போனால் அந்த இடம். கடலோரம் ஒரு ஆட்டுப் பண்ணை, பழைய பெரிய வீடு, நாற்பது பேர் படுக்கக்கூடிய இரட்டைத்தட்டுக் கட்டில்கள். அழகான இடம், அதைச் சொல்லத்தான் வேண்டும். பாறைகள் நீருக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஓக் மரங்களுக்குக் கீழே இடுப்பளவு புல். வீட்டிலிருந்து கடற்கரைக்கு அந்தப் புல்லுக்குள்ளால்தான் போகவேண்டும். சொந்தக்காரர் ஆர்னே என்ற எழுபது வயது மனிதர், வீட்டுத் திறப்பைத் தந்துவிட்டு ஆடுகளிடம் போய்விட்டார்.

ஆகஸ்ட் 20 வரை நாயை அவிழ்த்துவிடக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். லோத்தாவைக் கயிற்றோடுதான் கொண்டு திரிந்தேன். கயிறு இருந்தென்ன, புல் ஒன்றுதானே.

மாலை 6.00. சோறு காய்ச்சும் நேரம் லோத்தா காதைச் சொறிந்துகொண்டே இருந்தது. புரட்டிப் பார்த்தேன். காது மடலில் நான்கு, முன்னங்காலின் அக்குளில் மூன்று, விரல்களுக்கு இடையில் இரண்டு. எள்ளளவுதான். ஊர் உண்ணி போல இல்லை. தட்டினால் விழவில்லை.

குமாரவேல் அண்ணை நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்தார். சுற்றிவரச் சனமும் வந்தது.

"உண்ணியைக் கண்டே இப்பிடி நடுங்கிறீர்? ஊரிலை எங்கடை மாட்டிலை கிடந்ததை எண்ண ஏலுமோ? எண்ணெய் விட்டா மூச்சடைச்சுத் தானா விழும்."

"புடுங்கினா என்ன?"

"புடுங்கினா தலை உள்ளுக்கை நிண்டிடும். விடும், விடும். காலமைக்கு விழுந்திடும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் வீட்டிலும் மாடு நின்றது, ஐயாவும் எண்ணெய்தான் விட்டவர். ஒன்பது இடத்திலும் எண்ணெய் விட்டேன்.

ஞாயிறு, காலை 7.00. ஒன்றும் விழவில்லை. "இன்னொருக்கா விடும்" என்றார். விட்டேன். பகல் முழுக்கத் தோணி, மீன், கறம்போட், பாட்டுப் போட்டி. லோத்தா எண்ணெய் நாறிக்கொண்டு பாறை நிழலில் படுத்திருந்தது. பிள்ளைகள் புல்லுக்குள் ஒளித்துப் பிடித்து விளையாடினார்கள். தாய்மார் சிலர் சாமிப்படத்துக்கு வைக்கப் பூப் பறித்தார்கள், அதுவும் அதே புல்லுக்குள்.

மாலை 6.30. ஆர்னே குப்பைப் பையை எடுக்க வந்தார். நாயைத் தடவியவர் கையை முகர்ந்து பார்த்தார். காதைப் புரட்டினார். இரண்டு உண்ணிகள் இப்போது பயறளவுக்கு ஊதியிருந்தன.

"எப்போதிலிருந்து?"

"நேற்று இந்த நேரம்."

அவர் தன் வீட்டுக்குப் போய், கூர்மையான சாமணம் ஒன்றோடு வந்தார். உண்ணியின் வயிற்றைப் பிடிக்காமல் தோலை ஒட்டிப் பிடித்தார். முறுக்கவில்லை, வெடுக்கென்று இழுக்கவும் இல்லை. மெதுவாக, நேராக இழுத்தார். பத்து நிமிடத்தில் ஒன்பதும் ஒரு தேநீர்க் கிண்ணத்துக்குள் கிடந்தன. ஒன்றின் வாய் மட்டும் தோலில் நின்றது. அது பரவாயில்லை, தோல் தானாகத் தள்ளிவிடும் என்றார்.

பிறகு கேட்டார்: "தாளை வாசிக்கவில்லையா?"

"எந்தத் தாள்?"

சமையலறைக்குக் கூட்டிப் போய் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தைக் காட்டினார். நோர்வே மொழியில் வீட்டு விதிகள். இதே தாளை ஏப்ரலிலேயே குமாரவேலுக்கு அனுப்பியதாகவும், தமிழாக்கி எல்லோருக்கும் தருவேன் என்று அவர் சொன்னதாகவும் ஆர்னே சொன்னார்.

கடைசிப் பந்தி தடித்த எழுத்தில் இருந்தது. இங்கே உண்ணி அதிகம், நாய்க்கும் மனிதருக்கும் லைம் நோய் வரலாம். நாய் கொண்டுவருபவர்கள் புறப்படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே மருந்து போடவும். ஒவ்வொரு மாலையும் நாயையும் பிள்ளைகளையும் தடவிப் பார்க்கவும். கண்டால் உடனே பிடுங்கவும், ஒரு நாள் விட்டுவைத்தால் நோய் இறங்கும் ஆபத்து கூடும். எண்ணெய், வெண்ணெய் எதுவும் பூசவேண்டாம்.

பயணத்துக்கு முன் குமாரவேல் அண்ணை எல்லோருக்கும் தந்த தமிழ்த் தாளை என் கைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பதினொரு விதிகள். சப்பாத்தை வெளியே கழற்றவும். மாட்டிறைச்சி சமைத்த சட்டியை வேறாக வைக்கவும். இரண்டு சோற்றுக் குக்கரை ஒரே பிளக்கில் போடவேண்டாம். எல்லாம் இருந்தது. உண்ணி இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் குமாரவேல் அண்ணையைப் பிடித்தேன். கோழி சுட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உண்ணிப் பந்தியை ஏன் விட்டனீங்கள்?"

"அது நாய், ஆட்டு விசயம், தங்கச்சி. எங்கடை சனம் ஆர் நாய் கொண்டு வருகுது?"

"நாய்க்கு ரசீது எழுதினது ஆர்?"

"அது பிறகுதானே. தாள் அதுக்கு முந்தி அடிச்சுப்போட்டன்."

"பிள்ளையள் எண்டும் போட்டிருக்கு."

"சரி சரி, கத்தாதேயும். சாப்பிட்டிட்டுக் கதைப்பம்."

சாப்பிட்டோம். கதைக்கவில்லை.

திங்கள், பகல் 1.00. புறப்பட்டோம். வழமையாக இப்படியான இடத்தை விட்டு வரும்போது மனம் கனக்கும். எனக்கு எப்போது தார் வீதியைக் காண்பேன் என்றிருந்தது. எல்லோரும் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லி மைக்கில் அறிவியுங்கள் என்று கேட்டேன். "சனம் சந்தோசமா இருக்கேக்கை ஏன் பயப்பிடுத்துவான்? வீட்டை போய்ச் சொல்லுவம்" என்றார். அதனால் நானே சீட் சீட்டாகப் போனேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் என்னைக் காட்டி, "மலருக்கு நாய்ப் பைத்தியம் முத்திப்போச்சு" என்றார். பராசக்தி அக்கா மட்டும் தன் பேத்தியின் மயிரைப் பிரித்துப் பார்த்தார். காதுக்குப் பின்னால் ஒன்று. ஆர்னே காட்டியதுபோல, அக்காவின் புருவச் சாமணத்தால் நான் இழுத்தேன். பிறகு புருசெத் வரும்வரை லோத்தா அக்காவின் காலடியில்தான் கிடந்தது. அவர் எழும்பு என்று சொல்லவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் நடுவில் லோத்தா இடது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. முள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அந்தக் கால் சரி, பின்னங்கால் நொண்டியது. பிறகு சாப்பிடவில்லை. தூக்கியபோது உடம்பு நெருப்பு. மிருக வைத்தியர் இரத்தம் எடுத்தார். முடிவு லைம் நோய். இங்கே பொரெலியோசெ என்பார்கள். கடித்து மாதக்கணக்கில் சென்றபிறகும் நாய்க்கு இப்படி மூட்டுக்கு மூட்டு மாறிக் காட்டுமாம். எந்த உண்ணி, எந்த நாள் என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது என்றும் சொன்னார். சரி. ஆனால் இந்த நாய் இந்த வருடம் புல்லுக்குள் போனது அந்த மூன்று நாள்தான்.

நான்கு வாரம், நாளுக்கு இரண்டு தரம் குளிசை. பாதி முடிந்துவிட்டது. காய்ச்சல் விட்டது, நொண்டல் இன்னும் விடவில்லை. சிலதுக்கு நோய் சிறுநீரகத்துக்கு இறங்கும், அதனால் மறுபடி சோதிக்க வேண்டும் என்கிறார் வைத்தியர். ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்குக் கொண்டுபோனேன். கதவிலிருந்து கட்டில்வரை லோத்தா நடந்ததைக் கிழவி பார்த்தார். "என் நாய்க்கு என்ன செய்தாய்?" என்று கேட்டார். எண்ணெய் விட்டேன் என்று சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நாய்க்கதை என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. தமிழ்க்கடையில் மரக்கறி எடுக்கும்போது, பயணத்துக்கு வந்த ஒருவர் என்னைக் காய்ப்பெட்டிகளுக்குப் பின்னால் கூப்பிட்டார். அவருக்கு யூன் நடுவில் முழங்காலுக்குப் பின்னால் வட்டமாகச் சிவந்து, நாளுக்கு நாள் அகன்றதாம். டொக்டர் பார்த்த உடனே பென்சிலின் கொடுத்தாராம். "குமாரவேலுக்குச் சொல்லிப்போடாதை. மனுசன் ஓடி ஓடிச் செய்யிறவர், பாவம்" என்றார். பெயரை நான் எழுத மாட்டேன். ஆனால் பாவம் யார் என்பதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறு.

போன கிழமை ஒக்டோபர்ப் பயணத்தின் அறிவித்தல் கடைக்கண்ணாடியில் ஒட்டியாயிற்று. அதே இடம், அதே பதினொரு விதிகள். உடனே அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"ஒக்டோபரிலை குளிர், தங்கச்சி. உண்ணி செத்துப்போம்."

"நிலம் உறையுமட்டும் சாகாது எண்டு வைத்தியர் சொன்னவர்."

பிறகு உண்மை வந்தது.

"உதைப் போட்டா பஸ் நிரம்பாது. மேயிலையும் உதுக்குத்தான் யோசிச்சனான். உம்மடை ஒரு நாயாலை நாப்பது பேரின்ரை பயணத்தைக் குழப்பப் போறீரோ?"

குழப்பவில்லை, அண்ணை. போகட்டும். நல்ல இடம். ஆர்னே நல்ல மனிதர், தன் கடமையை ஏப்ரலிலேயே செய்தவர். நாய்க்கு முன்கூட்டியே மருந்து போட்டு, மாலையில் தடவிப் பார்த்து, சாமணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் யாரும் போய்வரலாம். நோர்வேக்காரர் அப்படித்தான் வருடா வருடம் போகிறார்கள். அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வரும் ஞாயிறு மன்றப் பொதுக்கூட்டம். பஸ் போக அதன்பின் இரண்டு கிழமை இருக்கிறது. தனியாக எனக்குப் போன் எடுத்துச் சமாதானம் சொல்லவேண்டாம், வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்கவும் வேண்டாம். ஒக்டோபருக்குக் காசு கட்டியவர்கள் எல்லோரும் இருக்கும்போது எழும்பி நின்று அந்தப் பந்தியை ஒரு சொல் விடாமல் தமிழில் வாசியுங்கள். வாசித்து முடித்து, மே மாதம் அதை எங்களுக்குத் தெரியாமல் ஏன் வெட்டினீர்கள் என்று அதே மைக்கில் பதில் சொல்லுங்கள்.