மிச்ச சாமானைத் திருப்பித் தருகிறவர்

சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருக்கும் வாளியைக் காலையில் எடுத்துக் கொட்டுவது வீட்டுக்காரரின் வேலை. பல் துலக்கிய கையோடு செய்துவிடுவார். வாளி பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால், “இன்னைக்கு மகசூல் பரவாயில்லை மேனேஜர்” என்பார். மனைவிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் அது. அவள் மேனேஜர் ஒன்றும் இல்லை, மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டத்துக்கு வில்லை பொருத்துகிறவள். வீட்டில் யார் எதை எங்கே வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் வந்த பட்டம்.

ஒழுகும் அந்தக் குழாயை மாட்டியது நாத்தனார் வீட்டுக்காரர் அனுப்பிவைத்த ஆள். அதனால்தான் அவரைத் திரும்பக் கூப்பிட்டுத் திட்ட முடியவில்லை. நாத்தனார் போன் செய்து, நம்ம ஆள் எப்படி என்று கேட்டபோது, கால் ஈரத்தில் வழுக்க நின்றுகொண்டே, ரொம்ப நல்லா செஞ்சாரு என்று சொன்னவள் இவள்தான். அதற்கு முன்பு மொட்டைமாடித் தொட்டியைப் பழுதுபார்த்தவர் கடை முதலாளியின் சிபாரிசு. அவரையும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

வாளியோடு காலம் தள்ளியிருக்கலாம். அப்பா விஷயம் வந்துவிட்டது. அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார். போன மாதம் குளியலறையில் விழுந்தார். எலும்பு பிழைத்தது, முழங்கை நீலம் பாரித்தது. எங்களோடு வந்துவிடுங்கள் என்றால், உன் வீட்டில் குளிக்க மாடியேற வேண்டும், என்னால் ஆகாது என்று முடித்துவிட்டார். சாக்குதான். வீட்டுக்காரருக்கும் அது தெரியும், சொல்லவும் சொன்னார். அவள் சாக்கையே பிடித்துக்கொண்டாள். படிக்கட்டுக்கு அடியில் பழைய நாற்காலிகளும் தையல் மெஷினும் கிடக்கும் அறையைக் குளியலறையாக்கிவிட்டால் அப்புறம் என்ன சொல்லுவார், பார்க்கலாம்.

“இந்தத் தடவை நமக்கு வேண்டியவங்க யாரும் அனுப்பாத ஆளா பார்க்கணும்” என்றாள். “தப்பு செஞ்சா வாய் நிறைய திட்டணும் எனக்கு.”

குழாய்ச் சாமான் விற்கும் கடைக்குப் போனாள். நல்ல பிளம்பர் யார் என்று கேட்டால் கடைக்காரர் தன் மச்சானைத்தான் சொல்வார் என்று தெரியும். அதனால் வேறு மாதிரி கேட்டாள். வேலை முடிந்ததும் மிச்சமான சாமானை வீட்டுக்காரங்க பேரில் திருப்பிக் கொண்டுவந்து தருகிறவர் யாராவது உண்டா? கடைக்காரர் கையிலிருந்த எல்போ வளைவுக் குழாயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். ஒரே ஒருத்தர் இருக்கிறார், ஆனால் வாய் மூடாது, நாங்கள் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம் என்றார்.

ரேடியோ வந்தார். வாசலிலேயே ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. தன் முதுகுவலி, மகளின் பரீட்சை, பக்கத்துத் தெருவில் ஓர் ஆள் தலைகீழாக மாட்டிய வால்வு. பேச்சோடு பேச்சாகச் சமையலறைத் தொட்டியின் அடியில் படுத்து, பழைய வாஷரைக் கழற்றி, புதியதைப் போட்டு, தரையையும் துடைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் காலை வாளி காய்ந்து கிடந்தது. வீட்டுக்காரர் அதை வெறுமனே ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். குளியலறை வேலை ரேடியோவுக்கே என்று அன்றே முடிவானது.

தளத்துக்குச் சரிவு வைத்து, சுவருக்குள் குழாய் ஓடவிட்டு, டைல்ஸ் ஒட்டி முடிக்கிறவரை ரேடியோ நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லி அப்பாவிடமும் பேசியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேடியோ ஒரு வார்த்தையும் பேசாமல் சாமானை எடுத்து வைத்துக்கொண்டு போனார். இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வீட்டுக்காரர் சொன்னார். ஏதோ செய்துவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை கடையிலிருந்து வந்தபோது படிக்கட்டுக்கு அடியில் ஒரே புழுதி. புதிதாக ஒட்டிய சுவரில் முழங்கால் உயரத்துக்கு நாலைந்து டைல்ஸ் பெயர்ந்து கிடந்தது. ரேடியோ குந்தியிருந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார். அளவு பார்க்க முதலில் பசையில்லாமல் குழாயைச் செருகுவார்களாம், பிறகு கழற்றிப் பசை தடவி இறுக்குவார்களாம். இந்த ஒரு ஜாயின்டில் பசை தடவினோமா இல்லையா என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. யோசிக்க யோசிக்க, தடவவில்லை என்றே பட்டது.

“சரி, தடவியிருந்ததா?”

“தடவித்தாங்க்கா இருக்கு. கெட்டியா ஒட்டியிருக்கு.”

“அப்புறம் எதுக்குங்க உடைச்சீங்க?”

“ஒட்டியிருக்குன்னு உடைச்ச பிறகுதானேக்கா தெரிஞ்சுது.”

வாய் நிறைய திட்டவேண்டும் என்று ஆசைப்பட்டவள், திட்டுவதற்கு எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நின்றாள். பின்னால் வீட்டுக்காரர் இருமிச் சிரிப்பை அடக்கினார். டைல்ஸ் இனி செவ்வாய்க்கிழமைதான் ஒட்ட முடியும்.

அதை அப்பாவிடம் சொல்வதுதான் சிக்கல். வேலை முடியலேன்னா விடும்மா என்று ஒரே வரியில் போனை வைத்துவிடுவார். அதனால் சுற்றி வளைத்து, பசையில் தொடங்கி முழுக் கதையையும் சொன்னாள். வீட்டைப் பூட்டிவிட்டு தெருமுக்கு வரை நடந்து, பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருகிற மனிதர் அப்பா. அம்மா ஆயுசு முழுக்க அதைச் சொல்லிக் கேலி செய்வாள்.

“ஒட்டித்தான் இருந்துச்சா?” என்றார் அப்பா.

“ஆமாப்பா.”

“உடைச்சது சரிதான்.” கூடவே, “என்ன வயசு இருக்கும் அந்த ஆளுக்கு?” என்றார். குளியலறையைப் பற்றி அவர் அதுவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

சுவர் சரியான பிறகு, புதன்கிழமை அப்பா வந்தார். கையில் சின்னப் பை, இரண்டு நாளைக்குத்தான் என்று வாசலிலேயே அறிவிப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் குளியலறைக்குள் போனார். குழாயைத் திறந்தார், மூடினார். தரையில் காலைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு சுவரில் பதித்திருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினார். முழங்கை தோளுக்கு மேலே போனது.

அவள்தான் ரேடியோவுக்கு உயரம் காட்டியவள். அப்பா இவ்வளவு இருப்பார் என்று மனசில் இருந்த அளவு அது. இப்போது அவர் பக்கத்தில் நிற்கையில், அவர் தலை தன் காதுக்குத்தான் வருகிறது என்பதைப் பார்த்தாள்.

“ஒரு சாண் கீழே இறக்கணும்” என்றார் அப்பா. “அந்த ஆளையே கூப்பிடு. நான் இருக்கும்போதே செய்யட்டும், அளவு நானே காட்டுறேன்.”

“அவர் வேற வீட்டுல வேலை எடுத்துட்டாருப்பா. வர்றதுக்குப் பத்துப் பதினைஞ்சு நாள் ஆகும். அதுவரைக்கும் இருப்பீங்கல்ல?”

அப்பா கம்பியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து அதன் மேல் மடித்துப் போட்டார். மடிப்பைச் சரிசெய்துவிட்டு, ஈரக்காலை மிதியடியில் துடைத்துக்கொண்டு, கூடத்துப் பக்கம் நடந்து போனார்.