முன்னால் போனது யார்

கிருஷ்ணவேணி ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டபோது அவளுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. கரமனை அக்ரகாரத்தில் அதற்கு முன் அந்த வயதில் எந்தப் பெண்ணும் அப்படியொரு காரியத்தில் இறங்கியதில்லை. கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் அவள் கணக்கு எழுதினாள். தினமும் பஸ்ஸில் நசுங்கிப் போய் வருவதில் வெறுத்துப்போய்த்தான் வண்டி வாங்கினாள். கணவர் பிச்சுமணி, "விழுந்து வைக்காதே" என்று மட்டும் சொன்னார். இரண்டு வருஷம் அவள் விழவில்லை. தொண்ணூற்றேழில், மழை வெறித்த ஒரு காலையில் விழுந்தாள்.

நடந்ததில் அவள் நினைவில் நின்றது கொஞ்சம்தான். வலப்பக்கம் ஓர் ஆட்டோ தெரிந்தது. அது இடப்பக்கச் சந்துக்குள் திரும்பியது. படாரென்று ஒரு சத்தம். அடுத்து முகத்துக்கு நேரே ஈரத் தார்ரோடு, அதில் சிதறிய தயிர்சாதம். எழுப்பி உட்கார வைத்தவர்களில் பாதிப் பேர் ஆட்டோ குறுக்கே வெட்டியது என்றார்கள். மீதிப் பேர் ஸ்கூட்டர் இடது பக்கமாக நுழைந்தது என்றார்கள். ஆட்டோ ஓட்டிய ராஜையன் இரண்டு கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். பாறசாலைக்காரன், முப்பது வயது இருக்கும்.

ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டு ஐயப்பன் மலையாளம் கலந்த தமிழில் விஷயத்தை எளிதாக்கினார். "ஆட்டோ முன்னால போயி, சிக்னல் இட்டு, இடது பக்கத்தோட்டு திரும்பினதுன்னா தப்பு மேடத்துக்கு. மேடத்தை ஓவர்டேக் செய்து உடனே திரும்பினதுன்னா தப்பு இவனுக்கு. அத்ரேயுள்ளு, அவ்வளவுதான். ஆரு முன்னால போனது?"

"தெரியலையே" என்றாள் கிருஷ்ணவேணி. ராஜையனும் தலையைச் சொறிந்தான். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து சொல்லுங்கள் என்று ஏட்டு அனுப்பிவிட்டார்.

மணிக்கட்டில் கட்டோடு வீட்டுக்கு வந்தவளிடம் பிச்சுமணி, "இதுல யோசிக்க என்ன இருக்கு? அவன் முந்திண்டு வந்து வெட்டித் திருப்பினான்னு சொல்லிடு" என்றார்.

"நான் பாக்கலையேன்னா."

"பாக்காம எப்படி இடிச்சே?"

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. கண்ணை மூடினால் ஆட்டோ முன்னால் போனது. இன்னொரு தரம் மூடினால் பின்னாலிருந்து வந்து முந்தியது. இரண்டுமே நேரில் பார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் விபத்து நடந்த சந்து முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். இடத்தைப் பார்த்தால் ஏதாவது தெளியும் என்று நினைத்தாள். அங்கே ராஜையன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான், திரும்புகிற ஒவ்வொரு வண்டியையும் உற்றுப் பார்த்தபடி.

"எனக்கும் ஒறக்கமில்ல அம்மா. நான் ஒங்கள முந்தினேனா, நீங்க பொறத்தால வந்தியளான்னு எத்தற நெனச்சும் பிடி கிட்டல்ல."

"இன்டிகேட்டர் போட்டேளா?"

"எப்பவும் போடுவேன். நேத்து போட்டேனான்னு கேட்டா..."

முக்கில் பழம் விற்கிற செண்பகவல்லி முந்தின நாள் அடித்துச் சொன்னவர்களில் ஒருத்தி. கிருஷ்ணவேணி அவளிடம் போனாள். "ஆட்டோ வெட்டினதை நீங்க பாத்தேளோன்னோ?"

"சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். அப்போ நீங்க கீழ கெடந்திய. ஆட்டோக்காரன் மேலதான் தப்பா இருக்கும்னு தோணிச்சு, சொன்னேன்."

ஸ்டேஷனில் ஏட்டு பேப்பரை எடுத்து வைத்தார். இருவரும் தெரியாது என்றார்கள். "ரெண்டு பேரும் அறியில்லன்னு சொன்னா ஞான் என்ன எழுத?" என்று எழுந்து வாசலுக்கு வந்து ஆட்டோவைச் சுற்றிப் பார்த்தார். இடப்பக்கப் பின் மட்கார்டு நெளிந்திருந்தது. அவர் முகம் மலர்ந்தது. "அடி பின்னால. அப்போ ஆட்டோ முன்னால போயாச்சு. ஸ்கூட்டர் வந்து இடிச்சதாக்கும்."

தப்பு தன்னுடையது என்று கேட்டதும் கிருஷ்ணவேணிக்கு ஆச்சரியமாக மனசு லேசாயிற்று. எதுவோ ஒன்று முடிவாகிவிட்டதே. அதற்குள் ராஜையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சாரே, அது பழைய நெளிவு. போன மாசம் ஒரு கேட்டுல பட்டது. நேத்து பட்டதும் அது மேலதானோ என்னமோ."

ஏட்டு பெருமூச்சு விட்டார். கிருஷ்ணவேணியும் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கணக்கு எழுதுகிற புத்தி. "அவர் என்னை முந்திண்டு போய்த் திரும்பியிருந்தாலும் நான் பின்பக்கத்துலதானே இடிச்சிருப்பேன்?" என்றாள்.

ஐயப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், யாருக்கும் புகார் இல்லை, அவரவர் சேதம் அவரவருக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். வெளியே வந்ததும் ராஜையன், "ஆட்டோல விடட்டுமா அம்மா?" என்று கேட்டான். அவள் ஏறிக்கொண்டாள்.

கை சரியானதும் ஸ்கூட்டரை மறுபடி எடுத்தாள். அக்ரகாரத்தில் பிச்சுமணி ஆட்டோக்காரன் வெட்டித் திருப்பிய கதையைச் சொல்லி முடித்திருந்தார். கிழக்கேகோட்டை ஆட்டோ ஸ்டாண்டிலோ, ராஜையன் எவ்வளவு மறுத்தும், ஒரு மாமி இடது பக்கம் நுழைந்து இடித்த கதைதான் ஓடியது. இரண்டும் ஒரே வாரத்தில் கிருஷ்ணவேணியின் காதில் விழுந்தன. ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று அவளுக்கே தோன்றியது.