கானாவின் எண்ணெய் நிலவரமும் என் கணவரும்

என் கணவர் கானாவில் கால் வைத்ததில்லை. ஆபிரிக்காவுக்கு மிகக் கிட்டப் போனது டுசல்டோர்ஃப் விமான நிலையத்தின் வருகைக் கதவு வரைக்கும்தான், அதுவும் யாரையோ ஏற்றி வர. ஆனால் கானாவின் சமையல் எண்ணெய் நிலவரத்தில், ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரில் யாருக்காவது சந்தேகம் வந்தால் அவரிடம்தான் வர வேண்டும். சந்தேகமே வராதவர்களுக்கும் அவர் தீர்த்து வைத்துத்தான் அனுப்புவார்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு ஆப்ரோ-ஆசியக் கடை இருக்கிறது. எங்கள் தமிழ்ச் சனம் முருங்கைக்காய்க்கு விலை கேட்டுவிட்டு டோர்ட்மண்டுக்குப் போய் வாங்கும். கடையை விழாமல் தாங்குகிறவர்கள் கானாக்காரர்கள். கிழங்கும் கருவாடும் செம்பனைப் பழத்தில் எடுக்கும் சிவப்புப் பாம் எண்ணெயும் அவர்களுக்கு எங்களிடம்தான். ஹம்பேர்க்கிலிருக்கும் மொத்த வியாபாரியின் எண்ணெய் ஒரு கிழமை பிந்தினால் போதும், இவர் யூடியூப்பில் கானாத் தலைநகர் அக்ராவின் சந்தையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மழை பிந்தியது, நாணயம் விழுந்தது, மலேசியாவிலிருந்து கப்பல் வந்தது எல்லாம் அவருக்கு மனப்பாடம். "செம்பனை விளையிற நாடு, வெளியில எண்ணெய் வாங்குது, பாத்தியே?" என்று என்னிடம் தலையில் அடித்துக்கொள்வார். தென்னை விளையும் ஊரில் பிறந்துவிட்டு டின்னில் தேங்காய்ப்பால் விற்கிற மனுசன்.

உக்ரைன் போர் தொடங்கிய வசந்தத்தில் இவருடைய புகழ் கூரையில் ஏறியது. சூப்பர் மார்க்கெட்டுகளில் சூரியகாந்தி எண்ணெய் இருந்த தட்டுகள் காலியாகிவிட்டன. ஆளுக்கு ஒரு போத்தல் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். எங்கள் மேல்மாடிப் பெண்மணி, பாம் எண்ணெயால் காடு அழிகிறது, குரங்குக்கு வீடில்லை என்று பல வருடமாக எங்கள் வாசலில் நின்று வகுப்பெடுத்தவர், ஒருநாள் இரு பக்கமும் பார்த்துக்கொண்டு கடைக்குள் வந்தார். பொரிக்க ஏதாவது இருக்கிறதா என்று மெல்லக் கேட்டார். குரங்கைப் பற்றி என் கணவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கானாவின் விளைச்சலைப் பற்றி ஒரு சொற்பொழிவு செய்து, சிவப்பு எண்ணெய் ஒரு போத்தல் கொடுத்தனுப்பினார். அந்தப் பெண்மணி பொரித்த ஷ்னிட்சல் இறைச்சி செம்மண் நிறத்தில் வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

கடைக்கு வருகிறவர்களில் ஒருவரை நாங்கள் கானா அக்கா என்போம். அவரை நான் அறிந்தது முதியோர் இல்லத்தில். இருவருக்கும் அங்கே ஒரே மாடியில் வேலை. அவருடைய தாய் கானாவில் குமாசி நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். செம்பனைப் பழத்தை அவித்து, இடித்து, தானே எண்ணெய் எடுப்பார். மகளுக்கென்று வருடா வருடம் எங்கள் மொத்த வியாபாரியின் கொள்கலனில் அனுப்பி வைப்பார். முதலில் நாலு மஞ்சள் பிளாஸ்டிக் கான் நிறைய வந்தது. அடுத்த முறை இரண்டு. அதற்கடுத்த முறை ஒன்று, அதுவும் அரைவாசி.

"அம்மாவுக்கு ஏதாவது சுகமில்லையோ தெரியாது," என்றார் அக்கா, அந்த அரைக் கானைக் கையில் வைத்துக்கொண்டு. தொலைபேசியில் கேட்டால் தாய் தான் நலம் என்றே சொல்வாராம். அக்கா அவரைப் பார்த்துப் பல வருடம். ஒரு பயணத்துக்குத்தான் காசு மிச்சம் பிடித்து வைத்திருந்தார். ஈஸ்டருக்குப் போவதா, டிசம்பரில் நத்தாருக்குப் போவதா என்பதுதான் அவருடைய யோசனை.

சுகமில்லாமல் என்ன, என்று இவர் கையை விசிறினார். மழை, நாணயம், மலேசியா மூன்றையும் வரிசையாக ஜெர்மனில் விளக்கினார். வீட்டுக்கு வந்து எனக்கும் சொன்னார்: "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். அக்காவின்ர தாய் அனுப்பிற கானைப் பாத்தாலே கானா முழுக்க விளங்கும்." அக்காவுக்கும் அந்த விளக்கம் பிடித்துக்கொண்டது. நாட்டுக்கே எண்ணெய் இல்லை என்பது எவ்வளவு ஆறுதலான செய்தி. ஆனாலும் அடுத்த ஈஸ்டர் விடுமுறைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இருந்தார்.

இந்த வருடம் நாலு கானும் வந்தன. கழுத்து வரை நிறைந்து, மூடியில் துணி கட்டி. இவர் தேர்தலில் வென்றவர் போல நின்றார். "நான் சொன்னனான் எல்லே? மழை பெஞ்சிட்டுது, இனி எண்ணெய் வரும்." இனி அவசரமில்லை, நத்தாருக்கு ஆறுதலாகப் போங்கள் என்று அக்காவுக்கும் சொன்னார். அக்கா சந்தோசமாகப் போய் விடுமுறையைப் பின்போடக் கேட்டார். ஆள் போதாத இல்லத்தில் விடுமுறையைப் பின்போடுகிறவரை எங்கள் மேலாளர் கட்டியணைக்காத குறை.

மறுநாள் அக்கா ஒரு சின்னப் போத்தலோடு கடைக்கு வந்தார். மூடியைத் திறந்து இவருடைய மூக்குக்குக் கீழே பிடித்தார்.

"நல்ல எண்ணெய்," என்றார் நிபுணர்.

"நல்ல எண்ணெய்தான். என் அம்மாவின் எண்ணெய் இல்லை. அவர் கொஞ்சம் அடிப்பிடிக்க விடுவார், புகை மணக்கும். இது சந்தையில் வாங்கினது. என் அம்மா எழும்பி நடக்கிற வரைக்கும் எண்ணெய் வாங்க மாட்டார்."

இவர் போத்தலை வாங்கி இன்னொரு தரம் மணந்து பார்த்தார்.

கிழங்குப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றே அக்கா தன் தங்கைக்கு அழைத்தார். அவர்களுடைய மொழி எங்களுக்கு ஒரு சொல்லும் தெரியாது. அந்தப் பக்கம் தங்கை அழத் தொடங்கியது மட்டும் விளங்கியது. அழைப்பு முடிந்ததும் அக்கா சொன்னார்: தாய்க்கு எழும்பி நிற்க ஏலாமல் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டதாம். அந்த அரைக் கான் அவர் உட்கார்ந்தபடியே எடுத்த எண்ணெயாம். இந்த முறை அதுவும் முடியவில்லை. குறைத்து அனுப்பினால் பிள்ளை யோசிப்பாள் என்று, ஆட்டை விற்று, சந்தையில் எண்ணெய் வாங்கி நாலு கானையும் நிரப்பச் சொன்னாராம்.

எனக்கு இவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. என் மேல் வந்தது அதைவிடக் கொஞ்சம் கூட. முதியோர் இல்லத்தில் ஒரு ஜெர்மன் மூதாட்டி ஒரு கோப்பை தண்ணீர் குறைத்துக் குடித்தால் அக்காவும் நானும் ஓடிப்போய்ப் பதிவோம், மாலைக்குள் மருத்துவர் வந்துவிடுவார். அங்கே ஒரு தாய் கான் கானாகக் குறைந்துகொண்டு போக, நாங்கள் நாணய மதிப்பைப் பேசிக்கொண்டிருந்தோம்.

அக்கா அந்தக் கிழமையே பறந்தார். விடுமுறையை மேலாளர் திருப்பிக் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. இவர்தான் விமான நிலையத்தில் இறக்கினார். வழி நெடுக ஒரு நாட்டைப் பற்றியும் பேசவில்லையாம்.

அக்கா போய்ச் சேர்ந்து சில நாளில் எனக்கு அழைத்தார். தாய்க்கு ஆளைத் தெரிந்ததாம். கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது, "எதற்கு இப்போது வந்தாய், எண்ணெயில் என்ன குறை?" என்றுதானாம். சொல்லும்போது அக்கா சிரித்தார், பிறகு அழுதார், நானும் அழுதேன்.

அன்று பின்னேரம் யாழ்ப்பாணத்துக்கு அழைத்தேன். அம்மா வருடா வருடம் தன் கையால் இடித்து அனுப்பும் மிளகாய்த்தூள் போன கிழமைதான் வந்திருந்தது. எந்த வருடத்தையும் விடக் கூட. சுகம் விசாரித்தேன், நல்ல சுகம் என்றார்.

"அம்மா, இந்த முறை தூள் ஆர் இடிச்சது?"



"ஏன் பிள்ளை," என்றார் அம்மா, "உறைப்புக் குறைவோ?"