ஊசி டப்பா ஆடிய இடம்

லிஃப்ட்காரர் என்றால் அந்தக் குடியிருப்பில் யாருக்கும் தெரியும். சுற்றுவட்டாரத்து லிஃப்டுகள் எல்லாம் அவர் காதை நம்பித்தான் ஏறி இறங்கின. பழுது என்று கூப்பிட்டால் உடனே எதையும் கழற்றமாட்டார். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்பார். "பேரிங் போச்சு" என்பார். பிறகுதான் திறப்பார். போயிருக்கும்.

அப்பேர்ப்பட்ட காது ஒரு சப்வூஃபரிடம், அடித்தொனிக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியிடம், தோற்றுக்கொண்டிருந்தது.

தியேட்டரில் பார்த்த ஒரு படத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஒரு கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிறது. அந்தச் சத்தம் அவர் காதுக்கு வரும் முன்னே நெஞ்சுக்கு வந்துவிட்டது. காதில் விழாத ஒன்று நெஞ்சில் எப்படி விழும்? அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கடை கடையாக ஏறி இறங்கினார். தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொரு பெட்டியையும் தட்டித் தட்டிப் பார்த்தார். கடைசியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தார்.

"பிடிக்கலன்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள திருப்பிக் கொண்டாந்துடுங்க சார்" என்றார் கடைக்காரர். "பின்னாடி இருக்கிற ஸ்டிக்கர் மட்டும் கிழியக் கூடாது. கிழிஞ்சா பொட்டி உங்களுது."

டிவிக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தார். ஹால் நடுவில் கிடந்த சோபாவில் சாய்ந்து, அதே படத்தைப் போட்டார். கப்பல் பரிசல் மாதிரி சத்தமில்லாமல் போனது. வால்யூமை ஏற்றினார். வயரை மாற்றினார். பெட்டியின் முகத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் அதிர்ந்தது. திரும்ப வந்து சோபாவில் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை.

"நல்லாத்தானே கேக்குது" என்றாள் மனைவி. பின்சுவரை ஒட்டி, ஜன்னலுக்குக் கீழே அவளுடைய தையல் மெஷின் இருந்தது. பொழுது விடிந்தால் அவள் இடம் அதுதான்.

"உனக்கு மெஷின் சத்தமும் இதுவும் ஒண்ணுதான்" என்றார். அவள் கிண்டல் செய்கிறாள் என்றே நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வண்டியோடு வருவதாக மச்சினன் சொல்லியிருந்தான். "டிவியிலயே சத்தம் வருதே மாமா, அதுக்குத் தனியா ஒரு பொட்டியா?" என்று முதல் நாளே கேட்டவன் அவன். இப்போது வந்தால் சும்மா இருப்பானா?

லிஃப்ட்காரர் பெட்டியைத் திருப்பிப் போட்டு, ஸ்குரு டிரைவரோடு தரையில் உட்கார்ந்தார். திருப்பிக் கொடுத்தால் பழுது என்னவென்று கடைசிவரை தெரியாது. திறந்தால் ஸ்டிக்கர் கிழியும், ஊமைப் பெட்டி காலத்துக்கும் தலையில் விழும். ஆனால் பழுது தெரியாமல் ஒரு பொருளைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. பழுது என்பது எப்போதும் இயந்திரத்துக்குள் இருப்பது. அவர் பிழைப்பே அந்த நம்பிக்கையில்தான் ஓடியது. கடைசியாக ஒரு முறை கப்பலைக் கிளப்பிவிட்டு, ஸ்குரு டிரைவர் நுனியை ஸ்டிக்கரின் ஓரத்தில் வைத்தார்.

"அதக் கொஞ்சம் நிறுத்துறீங்களா? குண்டூசி டப்பா ஆடுது" என்றாள் மனைவி.

"என்னது?"

"தினமும் ஆடுது. இப்ப கீழயே விழப் பாக்குது."

அவர் எழுந்து போய்ப் பார்த்தார். மெஷின் பலகையின் மேல் டப்பா கிடுகிடுவென்று நகர்ந்துகொண்டிருந்தது. குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கப்பல் அவர் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது.

சோபாவுக்கு வந்தார். கப்பலைக் காணோம். மெஷினிடம் போனார். இருந்தது. மண்டியிட்டு, பின்சுவரிலிருந்து ஹால் நடுவரை மெல்லத் தவழ்ந்தார். சத்தம் படிப்படியாகக் கரைந்து, சோபாவின் காலடியில் சுத்தமாகச் செத்தது. அதைத் தாண்டித் தவழ்ந்தால் மறுபடி உயிர் வந்தது.

லிஃப்ட் ஓடும் குழியின் அடியில் நின்றால் மேலே இருக்கும் மோட்டாரின் உறுமல் எலும்பில் இறங்கும். லிஃப்டின் கூரைமேல் நின்று பாதி உயரம் வந்தால் அது எங்கோ போய்விடும். உச்சியில் திரும்ப வந்து சேரும். இத்தனை வருடமாக அதில் ஏறி இறங்குகிறார், ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் சத்தம் நடுவழியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறதோ? அப்படியானால் பெட்டியில் பழுதே இல்லை. அவர் உட்கார்ந்த இடம்தான் பழுது.

"எதத் தொலைச்சீங்க மாமா?" வாசலில் மச்சினன் நின்றிருந்தான்.

"பேஸ் சத்தத்தத் தேடறேன்டா."

"கிடைச்சுதா?"

"உங்க அக்கா வச்சிருந்தா."

அக்கா வேலையை நிறுத்தவில்லை. "மொத நாளே சொன்னேன். என் பேச்ச யாரு கேட்டா? ஆனா ஒண்ணு, என் மெஷின் நகராது. எனக்கு ஜன்னல் வெளிச்சம் வேணும்."

"மெஷின யாரு நகத்தச் சொன்னா? சோபா நகரும். டேய், அந்தப் பக்கம் பிடி."

பெட்டியைத் தூக்க வந்தவன் சோபாவைத் தூக்கினான். "ஆளுக்காக சத்தம் வாங்கின வீடு போய், சத்தத்துக்காக ஆள் நகர்ற வீடு ஆயிடுச்சே" என்று முனகிக்கொண்டே பின்சுவரோடு சேர்த்து, மெஷினுக்குப் பக்கத்தில் போட்டான். டிவி கொஞ்சம் தள்ளிப்போனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. லிஃப்ட்காரர் பெட்டியை நேராக நிமிர்த்தி வைத்தார். ஸ்டிக்கரின் ஒரு மூலை லேசாக மடங்கியிருந்தது, கிழியவில்லை. விரலால் நீவி ஒட்டிவிட்டார்.

மூவரும் கப்பலைப் பார்த்தார்கள். மச்சினன் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டான். மனைவி குண்டூசி டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எல்லாம் சரி" என்றார் லிஃப்ட்காரர். "காதுல விழாதது நெஞ்சுல எப்படி விழுது? அது மட்டும் இன்னும் புரியல."

"அதையும் திறந்து பாத்துடாதீங்க" என்றாள் அவள். "அந்த ஸ்குரு டிரைவர மொதல்ல இப்படிக் குடுங்க."