குட்டைக்கரையில் சைக்கிள் பழகியது

குனோங் ராபாட்டில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால், சுண்ணாம்புக் குன்றின் அடியில் ஒரு பூங்கா இருக்கிறது. முன்பு ஈயம் தோண்டிய குட்டை, அதைச் சுற்றி நடைபாதை, மரங்கள். இருபத்தாறு வயது வரை நான் அங்கே கால் வைத்ததில்லை. காலையில் வயதானவர்கள் நடப்பார்கள். சாயங்காலம் உறுமிமேளம் அடிக்கும் இளைஞர்கள் கூடுவார்கள். "பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்ன வேலை?" என்பார் அம்மா. எனக்கும் அதில் வருத்தமில்லை. வேலை முடிந்தால் பேரங்காடி, இல்லையென்றால் கட்டிலில் கைப்பேசி.

என்னை அங்கே இழுத்துப் போனவள் கிளினிக்கில் என்னோடு வேலை பார்க்கும் தோழி. சிலிம் ரிவர் ஊர்ப் பக்கம் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவள். எங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது என்று ஒருநாள் சாப்பிடும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"கார் ஓட்டுற, சைக்கிள் தெரியாதா?"

"எங்க வீட்டு வாசல்ல கார் போய்க்கிட்டே இருக்கும். எங்க போய் பழகுறது?"

"பார்க்குதான் இருக்குலா. நாளைக்கே போலாம்."

மறுநாள் வேலை முடிந்ததும் அவளுடைய பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். மேளக்காரர்களைப் பார்த்ததும் எனக்குத் திரும்பிவிடலாம் போலிருந்தது. அவள் விடவில்லை. சீட்டைப் பிடித்தபடி பின்னால் ஓடிவந்தாள். அவள் கையை எடுத்துவிட்டாள் என்று தெரிந்த நொடியில் நான் புல்லில் கிடந்தேன்.

மேளம் நின்றது. சிரிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்களில் உயரமான ஒருவர் வந்து சைக்கிளை நிமிர்த்தினார்.

"அக்கா, அடி பட்டிருச்சா?"

"இல்ல."

"கீழ பாக்காதீங்க. தூரத்துல இருக்கிற மரத்தப் பாத்து ஓட்டுங்க."

அவ்வளவுதான். போய்விட்டார். மேளம் மறுபடி தொடங்கியது.

தாமானில் சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் விரட்டியதால்தான் அவர்கள் இங்கே வந்து பழகுகிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. எங்கள் வயதுதான், சிலர் இளையவர்கள். அவர்கள் இருப்பதே எங்களுக்குத் தைரியமாகிவிட்டது. ஆளில்லாத பூங்காவாக இருந்திருந்தால் இரண்டாம் நாள் போயிருக்க மாட்டோம்.

ஒருநாள் பொழுது சாய்ந்தும் பூங்கா விளக்குகள் எரியவில்லை. அன்றுதான் எனக்கு சைக்கிள் கொஞ்சம் பிடிபடத் தொடங்கியிருந்தது. "இருட்டப் போகுது, வா போலாம்," என்றாள் தோழி. அது அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள்களைப் பாதையோரமாக நிறுத்தி விளக்கைப் போட்டார்கள்.

"ஓட்டுங்கக்கா. முடிச்சிட்டுப் போங்க."

அந்த வெளிச்சத்தில் விழாமல் பாதையின் வளைவுவரை போய்த் திரும்பினேன். தோழி கைதட்டினாள். மேளக்காரர்களும் தட்டினார்கள். வெட்கமாக இருந்தது, ஆனாலும் இன்னொரு தடவை ஓட்டினேன்.

விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "நானும் வாரேன், என்னதான் இருக்குன்னு பாப்போம்," என்று செருப்பை மாட்டினார்.

இப்போது கிளினிக்கிலிருந்து இன்னும் சில பெண்கள் வருகிறார்கள். கழிவறை சுத்தமா என்றுதான் முதலில் கேட்டார்கள். ஓட்டி முடித்து, பூங்கா வாசலில் தே ஐஸ் என்ற குளிர்தேநீர் வாங்கிக்கொண்டு புல்லில் உட்காருவோம். மேளக்காரர்கள் புதிதாக ஒரு தாளம் பழகுகிறார்கள். நடுவில் பிசகினால் அவர்களே சிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். எங்களுக்கும் அவசரமில்லை.