இரண்டு ஸ்கேனுக்கு நடுவே

எத்தனை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதில் என்னைத் தவிர எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. அந்த மெஷின் திருவண்ணாமலைக்கு இன்னும் வந்து சேரவில்லை. வேலூருக்குத்தான் போக வேண்டும். யாருமே கண்ணால் பார்த்திராத ஒரு பொருளைப் பற்றி ஊரே தீர்ப்புச் சொன்னது. அப்படிப்பட்ட ஊர் அது. ஒரே மலையைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாம் தெரிந்துவிட்ட ஊர்.

எதிர்வீட்டு அம்மாள் ஒன்றே அதிகம் என்றாள். “உள்ள தூங்கினு இருக்கிறத டார்ச் அடிச்சுப் பாப்பாங்களாமே? உன் மூஞ்சில அடிச்சா நீ சும்மா இருப்பியா?” தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர், மாதம் ஒன்று என்றார். அவருடைய தாசில்தாரின் மகளுக்கு மெட்ராஸில் மாதம் ஒன்று எடுத்தார்களாம். தாசில்தார் மூக்குப்பொடி போட்டால் தும்முகிறவர் என் கணவர். மாமியாருக்கு ஒன்றுகூட வேண்டாம். “நான் அஞ்சு பெத்தேன். எந்த டிவியில பாத்துப் பெத்தேன்?” அந்த ஐந்தில் இரண்டு தங்கவில்லை என்பதை அவர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

எனக்கு ஏற்கனவே ஒன்று போயிருந்தது. மூன்றாம் மாதத்தில், கிணற்றடியில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தபோது. வீட்டார் அதற்குக் கண்டுபிடித்த காரணம் பப்பாளி. நான் பப்பாளி தின்றதே இல்லை. சொன்னேன். “தெரியாமத் தின்னிருப்ப” என்றார் மாமியார். தெரியாமல் எப்படி ஒருத்தி பப்பாளி தின்பாள் என்று இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். தூக்கத்தில் எழுந்து சந்தைக்குப் போய் வாங்கித் தின்றிருக்க வேண்டும்.

இந்த முறை ஐந்தாம் மாதத்தில், ஒரு மத்தியானம், புடவையில் சிவப்பாக ஒரு பொட்டு. குங்குமம் கொட்டிவிட்டது என்று ஒரு கணம் நம்பிப் பார்த்தேன். அந்த ஒரு கணம் எவ்வளவு நீளமாக இருந்தது! வெளியே வெயில் ஓட்டின் மேல் நின்றது, காக்கை ஒன்று கத்திவிட்டு நிறுத்திக்கொண்டது, என் உடம்பு முழுவதும் ஒரு காதாகி உள்ளே கேட்டது. இது தங்க வேண்டும். அந்த ஒன்றைத் தவிர எனக்கு அப்போது உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஊரில் இருந்த லேடி டாக்டர் அதிகம் பேசாதவர். “வேலூர்ல ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. எங்க ஒட்டியிருக்குன்னு பாக்கணும். அப்புறம் எட்டாவது மாசம் ஒண்ணு. ரெண்டு போதும்” என்றார். ரெண்டு. அந்த ஊரில் நான் கேட்ட ஒரே உருப்படியான எண் அதுதான்.

போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூருக்குப் பஸ். ஒவ்வொரு பள்ளத்திலும் நான் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன், ஒவ்வொரு பள்ளத்திலும் என் கணவர் “ரோடா இது?” என்று முன்சீட்டுக்காரரிடம் நியாயம் கேட்டார். ஆஸ்பத்திரியில் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். நீர் முட்டினால்தான் உள்ளே இருப்பது தெரியுமாம். ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், ஏழெட்டுப் பெண்கள், யாரும் யாரையும் சிரிக்கவைக்கத் துணியாமல். ஆண்களெல்லாம் டீ குடிக்கப் போயிருந்தார்கள். திரும்பி வரும்போது அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது பாருங்கள், அதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

உள்ளே சில்லென்று ஏதோ ஒரு களிம்பைத் தடவி, ஒரு கட்டையை வைத்து அழுத்தினார்கள். திரை டாக்டர் பக்கமாகவும் என் கணவர் பக்கமாகவும் இருந்தது. என் வயிறு என் பக்கம், என் வயிற்றின் படம் அவர்கள் பக்கம். டாக்டர் என் கணவரிடம் சொன்னார், நான் அங்கே ஒரு மேசை என்பது போல: “குழந்தை நல்லா இருக்கு சார். நஞ்சுக்கொடிதான் கீழ, கர்ப்பப்பை வாயை ஒட்டி இறங்கியிருக்கு. அதான் ரத்தம் பட்டுது. மாசம் ஏற ஏற முக்கால்வாசி தானா மேல போயிடும். அதுவரைக்கும் படுத்தே இருக்கணும். அலையக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது. ஜாஸ்தி ரத்தம் போச்சுன்னா தாய்க்கும் ஆபத்து.”

என் கணவர் இவ்வளவையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “போட்டோ ஒண்ணு கிடைக்குமா சார்?”

கிடைத்தது. மறுநாளே அதைத் தாலுகா ஆபீசுக்கு எடுத்துப் போனார். மழைநாள் சுவர் போல ஒரு சாம்பல் நிறத் தாள். பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் காத்திருந்த ஜனங்களைக் காக்கவைத்துவிட்டு, வருவாய்த் துறை முழுவதும் கூடி என் கர்ப்பப்பையைப் பார்த்தது. ரெக்கார்டு ரூம் பியூன் ஓரிடத்தில் விரல் வைத்து, “மூக்கு அப்படியே உங்க மூக்கு சார்” என்றாராம். அன்று மாலை என் கணவர் பூரித்துப் போய் அந்த இடத்தை எனக்கும் காட்டினார். வேலூரில் நர்ஸ் அம்மாளிடம் நான் எது எது என்று கேட்டு வைத்திருந்தேன். என் கணவர் காட்டியது மூக்கில்லை. அது நஞ்சுக்கொடி.

படுத்தேன். படுப்பது சும்மா இருப்பது என்று நினைக்கிறவர்கள் படுத்துப் பார்க்க வேண்டும். காலையில் ஓட்டு இடுக்கு வழியாக வருகிற ஒரு கீற்று வெயில் சுவரில் இறங்கி, தரையில் நடந்து, என் பாயைத் தொட்டு, எழுந்து போகும். நான் போகக் கூடாது. தெருவில் போகிற சைக்கிள் மணிகளைத் தனித்தனியாகத் தெரிந்துகொண்டேன். இருமல் வந்தால் பயந்தேன். தும்மலை மென்று விழுங்கினேன். ஒரு பாத்திரத்தில் விளிம்புவரை நிரம்பிய தண்ணீரை ஏந்திக்கொண்டு ஒரு கூட்டத்துக்கு நடுவே நிற்கிற மாதிரி இருந்தது. கூட்டமோ இடித்துக்கொண்டே இருந்தது.

முதலில் இடித்தவர் கணவர். ஆறாம் மாதம் பிறந்ததும் ஒரு காலை, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். “கெளம்பு. அடுத்த ஸ்கேனுக்குப் போயிட்டு வந்துடலாம். ஏறிச்சா இல்லையான்னு பாக்க வேணாமா?”

“அலையக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னாரு?”

“ஏறியிருந்தா போலாம்ல?”

“ஏறியிருக்கான்னு பாக்கத்தானே போறோம்?”

“அதான் சொல்றேன், கெளம்பு.”

இப்படிப்பட்ட மூளையிடம்தான் எங்கள் தாலுகாவின் நிலங்களெல்லாம் இருந்தன. நான் எழுந்திருக்கவில்லை. படுத்திருக்கிறவளுக்கு மறுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் சட்டையோடு நின்றார். பிறகு அந்தச் சட்டை வீணாகக் கூடாதென்று ஆபீசுக்குப் போனார்.

அடுத்து மாமியார். அவர் வேறு வழியில் யோசித்திருந்தார்.

“பௌர்ணமிக்கு உன்ன மலை சுத்த வெக்கிறேன்னு வேண்டிக்கினேன்” என்றார், நல்ல செய்தி சொல்லுகிற முகத்தோடு.

“எழுந்திரிக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அத்தை.”

“அவங்க சொல்லுவாங்க. படுத்துகினே கெடந்தா எறங்காம இன்னா பண்ணும்? நடந்தாதான் மேல ஏறும்.”

எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு: மலை சுற்றுகிறவர்கள் நிறைமாத கர்ப்பிணியைப் போல நடக்க வேண்டும். மெல்ல, அடி மேல் அடி வைத்து, கையை வீசாமல். பௌர்ணமி தோறும் வெற்று மார்போடு எத்தனையோ தொப்பைகள் அப்படி அசைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணி எப்படி நடப்பாள் என்பது அவர்களுக்குத் தெரியும். அவள் எப்போது நடக்கக் கூடாது என்பதுதான் தெரியாது. வீட்டில் ஒருத்தி தண்ணீர்க் குடத்தோடு நிறைமாதமாக நின்றால் நகர்ந்து வழிவிடாதவர்கள், மலைக்கு முன்னால் மட்டும் நிறைமாதமாகிவிடுவார்கள்.

“வேண்டிக்கிட்டது நீங்கதானே அத்தை? நீங்களே சுத்திடுங்களேன்.”

“என் முட்டி இருக்கிற இருப்புக்கா? யாருக்குன்னு வேண்டினோமோ அவங்கதான் சுத்தணும். வேண்டிட்டு சுத்தலன்னா சாமி குத்தம். அப்புறம் எதுனா ஆச்சுன்னா என்னக் கேக்காத.”

எதுனா ஆச்சுன்னா. அந்தச் சொல் என் வயிற்றின் மேல் வந்து உட்கார்ந்தது. டாக்டர் பேச்சு இந்த வீட்டில் எடுபடாது என்று புரிந்துவிட்டது. சாமியைச் சாமியால்தான் அடிக்க வேண்டும். எனக்கு அந்தச் சமயத்தில் நம்பிக்கை எதுவும் மிச்சமில்லை. வக்கீல் புத்தி மட்டும் இருந்தது.

“இந்த ஊரு சாமி உடம்புல பாதிய அம்மனுக்குக் குடுத்தவருதானே அத்தை? அவருக்கு முன்னால புருஷன் வேற பொண்டாட்டி வேறயா? இவரு சுத்தினா நான் சுத்தினதா ஆகாதா?”

மாமியார் வாயைத் திறந்தார். அவருக்கு முன்பாக, வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாள் முந்திக்கொண்டாள். “அது வாஸ்தவந்தான்க்கா. சாமியே அப்டி நிக்க சொல்ல நாம இன்னாத்த சொல்றது? தம்பியே சுத்தட்டும்.”

காபி குடித்துக்கொண்டிருந்த என் கணவர் டம்ளரை இறக்கினார். “நானா?” என்றார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் கேட்ட முதல் நேர்மையான கேள்வி அது.

“நீங்கதான். செருப்பு போடக் கூடாது. நிறைமாசம் மாதிரி மெதுவா நடக்கணும்” என்றேன்.

பௌர்ணமியன்று சாயங்காலம் வேட்டி, துண்டு, நெற்றி நிறைய விபூதியோடு கிளம்பினார். மாமியார் வாசல்வரை போய் வழியனுப்பினார். போருக்குப் போகிறவனுக்குக்கூட அவ்வளவு சொல்லியிருக்க மாட்டார்கள். மறுநாள் விடிந்து, பால் வாங்குகிற நேரம் தாண்டித்தான் வந்தார். நொண்டிக்கொண்டே வந்து என் பாய்க்குப் பக்கத்தில் விழுந்தார். மாமியார் வெந்நீர் வைத்தார், உப்புப் போட்டு ஒத்தடம் கொடுத்தார், விளக்கெண்ணெய் தடவினார், “எம்புள்ள பாதமே போச்சே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று நாள் லீவு. நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் கிடந்தோம். கஞ்சி முதலில் அவருக்குத்தான் வந்தது.

அவர் திரும்பிப் படுத்தபோது வேட்டியின் பின்பக்கம் தெரிந்தது. துருவும் கிரீசும் பட்டை பட்டையாக அப்பியிருந்தன. சைக்கிள் கேரியர்.

“எதுவரைக்கும் நடந்தீங்க?” என்றேன் மெதுவாக.

கூரை ஓட்டைப் பார்த்தார். “அடி அண்ணாமலை வரைக்கும் நல்லாத்தான் நடந்தேன். அங்க ஒரு டீக்கடை. செத்த நேரம் உக்காந்தேன், தூங்கிட்டேன் போல. விடிகாலைல பால்காரன் ஒருத்தன் டவுனுக்கு வந்துகினு இருந்தான்.” பிறகு, மாமியாரின் காலடி கேட்டதும், “அம்மாகிட்ட சொல்லிடாத” என்றார்.

ஆக என் நஞ்சுக்கொடிக்காகச் செய்த பிரதட்சிணத்தில் பாதி, பால் கேன்களுக்கு நடுவே, சைக்கிளில் நடந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த பௌர்ணமிக்கு என்னை எழுப்பியிருப்பார்கள்.

எட்டாம் மாதத் தொடக்கத்தில், லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால், வாடகைக் காரில் வேலூர் போனோம். அதே தண்ணீர், அதே பெஞ்சு, அதே களிம்பு. “மேல போயிடுச்சு. பயம் இல்லை. சாதாரணமாவே பிரசவம் ஆகலாம்” என்றார் டாக்டர். என் காதுக்குள் கண்ணீர் வழிந்தது. மல்லாந்து படுத்து அழுதால் அங்கேதான் போகும். என் கணவர் இந்த முறையும் போட்டோ கேட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் கற்பூரம் ஏற்றினார். “ஏறாம எங்க போவும்? எம்புள்ள நடந்த நடை!”

குழந்தை பிறந்தது. பெண். மூக்கு என் மூக்கு. உள்ளூர் ஆஸ்பத்திரியில், பகல் வேளையில், ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, ஒரு சிக்கலும் இல்லாமல் வந்தாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு என் கணவர் மலை சுற்றிய கதையைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் மலை கொஞ்சம் பெரிதாயிற்று, கல் கொஞ்சம் கூராயிற்று. அடி அண்ணாமலையைத் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து தாங்கிக்கொண்டு போவது போல இருந்ததாம். இருந்திருக்கும். ஓர் அம்மாள் உச்சுக் கொட்டினாள். இன்னொருத்தி அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை.

“நீயும் கும்புடு. அவன் நடந்ததாலதான் இது நிக்குது” என்றார் மாமியார் என்னிடம்.

“பால் குடிக்கிறா அத்தை” என்றேன்.

குடித்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணை மூடி, கையை முஷ்டியாக்கி, யாருக்கும் கடன்படாத ஒருத்தியின் வேகத்தில்.